சதுரங்கத்துக்குக் கடிகாரம் வந்த கதை

1851இல் லண்டனில் நடந்த முதல் சர்வதேச சதுரங்கப் போட்டியில் யோசிப்பதற்கு நேர வரம்பே கிடையாது. இங்கிலாந்தின் எலைஜா வில்லியம்ஸ் இந்தச் சலுகையைத் தாராளமாகவே பயன்படுத்திக்கொண்டார். மூன்றாம் இடத்துக்கான மோதலில் அவரிடம் தோற்ற ஹோவர்ட் ஸ்டான்டன், வில்லியம்ஸின் ஆமை வேகத்தைக் கடுமையாகச் சாடினார். அதில் தோற்றவரின் ஆத்திரம் கலந்திருந்தாலும் நியாயமும் இருந்தது. எதிராளியைக் களைப்படைய வைத்து ஜெயிப்பதைத் தடுக்க அன்று எந்த விதியும் இல்லை.

இதற்கு மாற்றாக, 1861இல் சதுரங்க வீரர்கள் ஆண்டர்சனும் கோலிஷும் மோதியபோது மணற்கடிகாரம் வைத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் 24 நகர்த்தல்களை முடிக்க வேண்டும். ஆளுக்கொரு குடுவை. காயை நகர்த்தியவரின் குடுவையைப் படுக்க வைத்து, எதிராளியுடையதை நிமிர்த்துவார்கள். அவசரத்தில் ஒன்றைத் தலைகீழாக நிறுத்திவிட்டால் கணக்கே குழம்பிவிடும். 1867 பாரிஸ் போட்டியில் மெதுவாக ஆடியவருக்கு அபராதம்தான்: கூடுதலான ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் 5 பிராங்க். காசு இருந்தால் நேரத்தை வாங்கலாம் என்றாகிவிட்ட அந்த ஏற்பாடு நிலைக்காமல் போனது நல்லதே.

உண்மையான தீர்வு 1883 லண்டன் போட்டியில் வந்தது. மான்செஸ்டரைச் சேர்ந்த தாமஸ் பிரைட் வில்சன், இரண்டு ஊசல் கடிகாரங்களை சீசா பலகை போன்ற ஒரே சட்டத்தின் இரு முனைகளில் பொருத்தினார். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தக் கடிகாரம் நிற்கும், மற்றது ஓடும். காயை நகர்த்தியதும் சட்டத்தைச் சாய்த்தால் போதும். ஒருவருடைய யோசனைக்கான நேரம் இன்னொருவர் கணக்கில் ஏறாது.

முள் சரியாகப் பன்னிரண்டைத் தொட்டதா என்ற தகராறு மட்டும் மிஞ்சியது. அதைத் தீர்த்தது முகப்பில் பொருத்திய சிறு கொடி. நிமிட முள் அதை மெல்லத் தூக்கிச் சென்று, மணி நிறையும்போது விட்டுவிடும். கொடி விழுந்துவிட்டால் நேரம் முடிந்தது. கையில் வெற்றி நிலை இருந்தும் பயனில்லை. நேர நெருக்கடியில் மந்திரியை இலவசமாகக் கொடுத்துவிட்டுத் தலையில் கைவைப்பது கிளப் ஆட்டக்காரர்கள் எல்லோரும் பட்ட அனுபவம்.

இந்த அவதியைக் குறைக்க, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடிகளைக் கூட்டித் தரும் கடிகாரத்துக்குச் சதுரங்க வீரர் பாபி ஃபிஷர் 1989இல் காப்புரிமை பெற்றார். 1992இல் தன் பழைய எதிராளி ஸ்பாஸ்கியுடன் மீண்டும் மோதியபோது அதையே பயன்படுத்தினார். இன்று 90 நிமிடத்தோடு நகர்த்தலுக்கு 30 விநாடி என்பது கிளப் போட்டிகளிலும் வழக்கம். நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுவதால், நேரம் எவ்வளவு குறைந்தாலும் ஆட்டம் முடியும்வரை ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுதியாக வேண்டும்.