மேடையும் சாட்சியும்

மேடைக் கலை நீர்மேல் எழுத்து என்பர். திரை விழுந்ததும் அது பார்த்தவர் நெஞ்சில் மட்டுமே வாழ்கின்றது; அவரும் மறைந்தபின் அதற்குச் சாட்சி இல்லை. ஆங்கில நாடக உலகின் தலைசிறந்த நடிகையருள் ஒருவரான பெக்கி ஆஷ்கிராஃப்டின் கலைவாழ்வை ஆராயப் புகும் நாம் முதலில் எதிர்கொள்வதும் இவ்விடர்ப்பாடே.

இலண்டனை அடுத்த குராய்டனில் 1907இல் பிறந்த இவ்வம்மையார், 1930இல் சவாய் அரங்கில் ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்தில் டெஸ்டிமோனாவாகத் தோன்றினார். அப்போது வயது 22. மூர் இனத் தளபதி ஒதெல்லோவாக நடித்தவர் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் பால் ரோப்சன். வெள்ளை மங்கை ஒருத்தி கறுப்பரின் மனைவியாக மேடையேறியதைக் கண்டு முகஞ்சுளித்தோர் உண்டு. அரங்கில் வரவேற்கப்பெற்ற ரோப்சனுக்கு அதனை ஒட்டியிருந்த விடுதியில் வரவேற்பில்லை என அறிந்து தாம் வெகுண்டதைப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்துள்ளார்.

1935இல் அவர் ஜூலியட்டாக நடித்தபோது, ஜான் கீல்குட்டும் லாரன்ஸ் ஒலிவியரும் ரோமியோவாகவும் மெர்குஷியோவாகவும் மாறி மாறி நடித்தனர். அந்த ஜூலியட்டை இன்று நாம் காணவியலாது. புகைப்படங்களும் விமர்சகர் எழுத்துகளுமே நமக்குக் கிட்டுவன.

1963இல் ஸ்ட்ராட்ஃபர்டு நகரில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியார் ‘ரோஜாப் போர்கள்’ எனும் நாடகத் தொடரை அரங்கேற்றினர். 55 வயதான ஆஷ்கிராஃப்ட், அரசி மார்கரெட்டின் இளமை முதல் முதுமை வரை தாம் ஒருவரே நடித்துக் காட்டினார். பி.பி.சி. நிறுவனம் அதனைப் படம்பிடித்து 1965இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பியது. அழியும் கலைக்கு அழியாச் சாட்சி ஒன்று கிடைத்தது.

1984இல் கிரனடா தொலைக்காட்சி ‘தி ஜுவல் இன் தி கிரவுன்’ தொடரை 14 பகுதிகளாக ஒளிபரப்பியது. ஆங்கிலேயர் ஆட்சியின் அந்திமக் காலத்தில், இந்தியாவில் ஆற்றிய பணியின் பயனை எண்ணித் தனிமையில் வாடும் மிஷன் ஆசிரியை பார்பி பாச்சலராக அவர் தோன்றினார். மேடையில் ஓர் இரவில் சில நூற்றுவர் கண்ட கலையை இலட்சக்கணக்கானோர் தம் வீட்டிலிருந்தே கண்டனர்.

அதே ஆண்டு வெளிவந்த டேவிட் லீனின் ‘எ பாசேஜ் டு இந்தியா’ திரைப்படத்தில் அவர் ஏற்ற பாத்திரம் திருமதி மூர். நிலவொளியில் பள்ளிவாசலுக்குள் வந்த அம்மூதாட்டியை, காலணியோடு நுழைந்தாரென எண்ணி மருத்துவர் அஸீஸ் கடிந்துகொள்கின்றார். அவரோ முன்னரே அதனைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கின்றார்! ஆளும் இனத்து மூதாட்டி பிறர் வழிபாட்டிடத்துக்குக் காட்டும் மரியாதையை, ஆரவாரம் ஏதுமின்றி ஆஷ்கிராஃப்ட் உணர்த்திவிடுகின்றார். இவ்வேடத்துக்காக 1985இல், தம் 77ஆம் வயதில், அவர் ஆஸ்கார் விருது பெற்றார்.

1991இல் அவர் மறைந்தார். அவரை முதுமையிலேயே கண்ட உலகம் அவரை முதிய வேடங்களுக்குரியவராகக் கருதிவிடுதல் எளிது. அது நியாயமாகாது. பள்ளிவாசல் காட்சியின் அந்த அடக்கம் ஒரு நாளில் வந்ததன்று. அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட மேடைப் பயிற்சியில் விளைந்தது. எஞ்சியிருக்கும் படச்சுருளைக் காண்கையில், எஞ்சாது போன அந்த இரவுகளுக்கும் உரிய மதிப்பை அளித்தல் நம் கடனாகும்.