மன்னார்க் கரையில் அம்மைப்பால்

மன்னார்க் கடல் முத்துக்குப் பேர்போனது. முத்துக்குளிப்புக் காலங்களில் சிலாவத்துறைக் கரையில் இரு நாட்டாரும் ஆயிரக்கணக்கிற் கூடினர். பெரியம்மையும் வாந்திபேதியும் அவர்களிடையே பரவின. தென்னிந்தியாவிலிருந்து மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரும் மன்னார் வழியே நடந்தனர்.

1796 இல் ஜென்னர் பசுவம்மையினின்று கண்ட அம்மைப்பால் 1802 இல் இலங்கையை அடைந்தது. பிற்காலத்தில், தலைமன்னாருக்குக் கப்பலேறுமுன், மண்டபம் முகாமில் தொழிலாளருக்கு அது குத்தப்பட்டது.

குத்திய நான்காம் நாளளவிற் சிறு பரு எழும், அது நீர்க்கொப்புளமாகிச் சீழ்கொள்ளும், காய்ச்சல் காயும், அக்குளில் நெறி கட்டும், மூன்று வாரத்திற் பொருக்கு உதிர்ந்து தழும்பு நிற்கும். அம்மை நோயை மாரியம்மனின் வருகையெனப் போற்றிய மக்கள், நலமாயிருந்த உடலில் வலிந்து வருவித்த இக்காய்ச்சலை ஐயுற்றது வியப்பன்று. மருத்துவரோ, கொப்புளம் எழாவிடிற் காப்பில்லை எனக் கருதி மீண்டுங் குத்தினர்.

அவ்வையம் முற்றும் வீணானதன்று. ஒருவர் கைக்கொப்புளத்தினின்று மற்றவர்க்குப் பால் மாற்றியபோது, மேகநோயும் சிலவேளை தொற்றியது. அத்தீங்கு அறியப்பட்டமையால், கன்றிலிருந்து எடுக்கும் அம்மைப்பால் வழக்கிற்கு வந்தது. இங்கிலாந்து 1898 இல் பழைய முறையை விலக்கியது. 1980 இல் பெரியம்மை உலகினின்றும் ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது.

2021 இல் கொரோனாத் தடுப்பூசி பெற்றோரும் கைவலி, காய்ச்சல், அசதி எனக் கூறினர். பெரும்பாலும் அவை இரண்டொரு நாளில் தணிந்தன. சிலவகை ஊசிகளால் மிக அரிதாக இரத்தக்கட்டு நேர்ந்தமையும் இத்தகைய முறைப்பாடுகளை ஆராய்ந்தே அறியப்பட்டது. ஆதலின், நோவுரைப்போரைப் பேதையரென ஒதுக்காது செவிமடுத்தல், தடுப்பு முறைக்குப் பகையன்று. அதனைத் திருத்தும் துணையாகும்.