வாக்கிய இணைப்பு (ஆங்கில இலக்கணம்)

தனித்தனியே நிற்கும் சிறு வாக்கியங்களைக் கூட்டு வாக்கியமாகவும் கலப்பு வாக்கியமாகவும் சேர்த்தெழுதப் பழக்கும் இப்பாடம், நம் நாட்டில் ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிகளில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இடம்பெற்று வருகிறது. முற்றுவினை ஒன்றே உடையது தனி வாக்கியம். சமநிலையுள்ள இரண்டு வாக்கியங்கள் 'ஆண்ட்', 'பட்' முதலிய சொற்களால் சேர்ந்தது கூட்டு வாக்கியம். பிரதான வாக்கியம் ஒன்றை உபவாக்கியம் ஒன்று சார்ந்து நிற்பது கலப்பு வாக்கியம்.

ஜெர்மானிய இலக்கணாசிரியர் பெக்கரின் முறையைத் தழுவி ஜே. டி. மோரெல் 1852இல் வெளியிட்ட நூல், வாக்கியத்தை உறுப்புறுப்பாகப் பகுக்கும் பயிற்சியை இங்கிலாந்துப் பள்ளிகளில் பரப்பியது. 1857இல் சென்னை சர்வகலாசாலை ஏற்பட்டு, அதன் மெட்ரிகுலேஷன் பரீட்சை சர்க்கார் உத்தியோகத்துக்கு வழியானபோது, ஆங்கில இலக்கணமும் நம் பிள்ளைகளின் ஜீவனத்தோடு பிணைந்துவிட்டது. பின்னர் வடமேற்கு மாகாணக் கல்வி இலாகாவில் பணிபுரிந்த ஜே. சி. நெஸ்பீல்டின் இலக்கணங்களும், 1930களில் ரென், மார்ட்டின் இருவரும் எழுதிய நூலும் பரவின. பம்பாய் மாகாணக் கல்விப் பணியில் இருந்தவரும் 'போ ஜெஸ்ட்' நாவலின் ஆசிரியருமான ரென் பங்குகொண்ட அந்நூல், வாக்கியச் சேர்க்கைக்குத் தனி அத்தியாயங்களையே ஒதுக்கியது.

தமிழ் மாணவன் இப்பாடத்தில் இடர்ப்படுவது அறிவுக் குறைவால் அன்று. "தாம்பரத்தில் வண்டியேறி, சானடோரியம் கடந்து, குரோம்பேட்டையில் இறங்கி, பள்ளிக்கு நடந்தான்" என்று நாம் சொல்லும்போது, நான்கு செயல்களும் வினையெச்சங்களால் கோக்கப்பட்டு, 'நடந்தான்' என்னும் ஒரே முற்றில் முடிகின்றன. இணைப்புச் சொல் ஒன்றுகூட வேண்டியதில்லை. திராவிட மொழிகளில் 'ஹூ', 'விச்' போன்ற சுட்டிணைப்புப் பெயர்கள் இல்லை என்பதையும், அவற்றின் தொழிலைப் பெயரெச்சமே செய்வதையும் கால்டுவெல் 1856ஆம் ஆண்டு ஒப்பிலக்கணத்திலேயே எடுத்துக்காட்டியிருக்கிறார். 'நேற்று வந்த பையன்' என்பது ஆங்கிலத்தில் 'தி பாய் ஹூ கேம் எஸ்டர்டே' ஆகும்போது, கடைசியில் நின்ற பையன் முதலில் வந்துவிடுகிறான். முதலில் நின்ற 'நேற்று' கடைசிக்குப் போகிறது. எச்சமாக இருந்த வினை முற்றாக மாறுகிறது. இத்தனை மாற்றங்களையும் ஒரே நொடியில் செய்யும்படி கேட்கப்படும் குழந்தை திகைப்பது இயல்பே.

விடுதலைக்குப் பின், இலக்கண விதிகளைக் குறைத்து வாக்கிய அமைப்புகளை வாய்மொழியாகப் பழக்கும் முறை சென்னை இராஜ்யத்தில் புகுந்தது; அதற்கென 1959இல் தொடங்கிய இயக்கம் ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்க முனைந்தது. ஆயினும் வாக்கியங்களை மாற்றியெழுதும் வினா பரீட்சையிலிருந்து அகலவில்லை.

தென்சென்னைப் புறநகரில் ஆங்கிலக் கல்வி வேரூன்றிய விதமும் இங்கே குறிக்கத்தக்கது. 1837இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, சரியாக ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1937இல் தாம்பரத்துக்கு வந்தது. குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டையிலோ, 1949இல் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம் எழுந்தது. ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் சேர்ந்த பெயரையுடைய இவ்வூரின் மாலை வகுப்புகளில், 'பட்' வந்தால் கூட்டு, 'தோ' வந்தால் கலப்பு, 'இன் ஸ்பைட் ஆப்' வந்தால் தனி என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கின்றனர். மதிப்பெண்ணுக்கு அது போதும். ஏன் அவ்வாறு என்பதை அது விளக்காது. 'தோ'வை அடுத்து எழுவாயும் முற்றுவினையும் வருகின்றன. 'இன் ஸ்பைட் ஆப்' என்பதை அடுத்துப் பெயர் மட்டுமே வருகிறது. வேற்றுமை முழுவதும் அந்த ஒரு முற்றுவினையில் இருக்கிறது.

ஆகவே இப்பாடத்தைத் தொடங்கும் ஆசிரியர்கள், முதல் நாள் கரும்பலகையில் ஒரு தமிழ் வாக்கியத்தை எழுதி, அதன் எச்சங்களையும் முற்றையும் மாணவரையே கோடிடச் செய்து, அதன் பின்னரே ஆங்கிலத்துக்குச் செல்லுமாறு வேண்டுகிறோம்.