காடு என்று தீர்மானிப்பது யார்?

 

“வில்பத்துக் காட்டை அழிக்கிறார்கள்” என்ற செய்தி அடிக்கடி நம் கைபேசிக்கு வந்து சேர்கிறது. நம்மில் சிலர் கோபத்தோடு பகிர்கிறோம், சிலர் அதே கோபத்தோடு மறுக்கிறோம். ஆனால் ஒரு நிலத்தைக் காடு என்று தீர்மானிப்பது யார், எந்தச் சட்டத்தின் கீழ் என்று மட்டும் நாம் கேட்பதில்லை. கொஞ்சம் நீண்ட பதிவுதான். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் நம்முடைய ஊர்ப் பெயரையே பாருங்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு ‘சேனை’ இருக்கிறது. காட்டை வெட்டி, எரித்து, சில போகம் பயிரிட்டு, பிறகு மண் ஆறட்டும் என்று பல வருடங்கள் விட்டுவைக்கும் நிலத்துக்குத்தான் சேனை என்று பெயர். சிங்களத்தில் ஹேன. பக்கத்திலேயே வொல்ஃபெண்டால். அங்கே திரிந்த நரிகளை ஓநாய்கள் என்று நினைத்த ஒல்லாந்தர் அந்த இடத்துக்கு ‘ஓநாய்ப் பள்ளத்தாக்கு’ என்று பெயர் வைத்தார்கள். இன்று ஒரு முச்சக்கர வண்டி திரும்பவே இடமில்லாத நம்முடைய ஒழுங்கைகளும் ஒரு காலத்தில் காட்டோரம்தான்.

இந்தச் சேனையைத்தான் ஆங்கிலேயரின் காணிச் சட்டம் அடித்தது. 1840ஆம் ஆண்டு 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் ஆளில்லாமலும் கிடக்கும் நிலமெல்லாம் முடிக்குச் சொந்தம் என்று எடுத்துக்கொள்ளப்படும் என்றது. ‘இல்லை, எங்களுடையது’ என்று நிரூபிக்கும் சுமை குடியானவன் தலையில் விழுந்தது. சேனை நிலம் பல வருடம் சும்மா கிடப்பது அதன் இயல்பு. வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது தரிசு. கையில் உறுதி இல்லாதவர் நிலத்தை இழந்தார்.

அப்படி எடுத்த நிலத்தை அரசாங்கம் காடாகக் காப்பாற்றியதா? மலைநாட்டில் கோப்பித் தோட்டங்களுக்கு விற்றது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தபோது சிலிப்பர் கட்டைக்கும் விறகுக்கும் இன்னும் மரம் விழுந்தது. முதலில் காட்டைப் பெரிய அளவில் அழித்தது சேனைக்காரன் அல்ல, அரசாங்கத்தின் காணி வியாபாரம்தான்.

பயம் பிறகுதான் வந்தது. 1873இல் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காப் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடக்கூடாது என்று ஆலோசனை சொன்னார். 1885இல் வனக் கட்டளைச் சட்டம் வந்தது. 1887இல் வனத் திணைக்களம் உருவானது. 1907ஆம் ஆண்டு 16ஆம் இலக்கச் சட்டம், பல திருத்தங்களோடு, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பத்தரமுல்லை சம்பத்பாயவில் இருக்கும் இன்றைய வனவளப் பாதுகாப்புத் திணைக்களம் இயங்குவது இந்த நூறு வயது தாண்டிய சட்டத்தின் மேல்தான்.

நீண்ட காலம் இந்தத் திணைக்களத்துக்கு இரண்டு முகம் இருந்தது. ஒன்று காட்டைக் காப்பது, மற்றது நாட்டுக்கு மரம் கொடுப்பது. இரண்டும் மோதிய இடம் சிங்கராஜவனம். 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைக்காக அங்கே இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டத் தொடங்கினார்கள். நாட்டில் எதிர்ப்புக் கிளம்பி, 1977இல் வெட்டுவது நின்றது. 1988இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 1990இலிருந்து இயற்கைக் காடுகளில் வியாபாரத்துக்காக மரம் வெட்டுவதே தடை. இதில் திணைக்களத்துக்கும் பெருமை உண்டு, குரல் கொடுத்த பொதுமக்களுக்கும் பெருமை உண்டு.

காட்டைக் காப்பது கொழும்பில் இருக்கும் நமக்குத் தூரத்து விஷயம் அல்ல. 1886இலிருந்து கொழும்புக்குக் குழாய்த் தண்ணீர் தரும் லபுகம நீர்த்தேக்கத்தைச் சுற்றி நிற்பது ஒதுக்கக் காடு. 1956இல் நாட்டின் நிலத்தில் சுமார் 44 வீதம் காடாக இருந்தது. இன்று 30 வீதத்தைத் தொடவே கஷ்டப்படுகிறது. ஆகவே ‘காடு முக்கியமா, மக்கள் முக்கியமா’ என்று கேட்பவருக்கு நாம் காடு வேண்டாம் என்று பதில் சொல்ல முடியாது.

இப்போது வில்பத்துக்கு வருவோம். வில்பத்து தேசிய பூங்கா வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ் வருகிறது. 1938இல் அது தேசிய பூங்கா ஆனது. அதன் வடக்கு எல்லைக்கு அப்பால், மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதியில் இருக்கும் காடு வனவளப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் வருகிறது. திணைக்களமும் வேறு, சட்டமும் வேறு. சர்ச்சைக்குரிய மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி ஊர்கள் இந்த இரண்டாவது பகுதியில் இருக்கின்றன.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேற்றியபோது இந்த ஊர்களும் காலியாகின. ஆளில்லாத வளவில் இருபது வருடத்தில் என்ன வளரும்? பற்றை வளரும், பிறகு மரம் வளரும். யுத்தம் 2009இல் முடிந்து மக்கள் திரும்பத் தொடங்கினார்கள். 2012 ஒக்டோபர் 10ஆம் திகதி ஓர் அதிவிசேட வர்த்தமானி மறிச்சுக்கட்டி–கரடிக்குளி உட்பட அந்தப் பக்கத்துக் காடுகளை ஒதுக்கக் காடுகளாக அறிவித்தது. ‘எங்களிடம் கேட்காமல் எங்கள் காணிக்கு மேல் கோடு போட்டுவிட்டார்கள்’ என்பது மக்களின் முறைப்பாடு. 2017 மார்ச் 24ஆம் திகதி, அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ரஷ்யாவில் இருந்தபடியே இன்னொரு வர்த்தமானியில் ஒப்பமிட்டார். சுமார் 40,000 ஹெக்டேயர் ‘மாவில்லு பேணற்காடு’ ஆனது. மறிச்சுக்கட்டியில் மக்கள் பல நாட்கள் போராட்டத்தில் இருந்தார்கள்.

1840ஐ நினைத்துப் பாருங்கள். ஆள் இல்லை, அதனால் காடு. காடு, அதனால் அரசுக்குச் சொந்தம். நிரூபிக்க வேண்டியது நீ. உடுத்த உடையோடு வெளியேற்றப்பட்டவன் உறுதியை எங்கே தேடுவான்? இது முஸ்லிம்களின் பிரச்சினை மட்டுமல்ல. வன்னியில் காணி வைத்திருக்கும் நம் வெள்ளவத்தைத் தமிழ் அயலவர்களைக் கேளுங்கள். ‘வன இலாகா கல் போட்டுட்டுது’ என்ற வாக்கியத்தை அவர்களும் சொல்வார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. சுற்றாடல் நீதிக்கான மையம் தொடுத்த வழக்கில் 2020 நவம்பர் 16ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம், கல்லாறு ஒதுக்கக் காட்டில் குடியேற்றத்துக்காகக் காடு வெட்டியது சட்டவிரோதம் என்றது. அங்கே மீண்டும் மரம் நடும் செலவை முன்னாள் அமைச்சர் ரிஷாத் பதியுதீன் ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. திரும்பி வந்தவர்களின் உரிமை உண்மையானது. அதற்காகச் சட்டத்தைத் தாண்டிக் குறுக்கு வழியில் போனதால், அந்த உரிமையே ‘காடழிப்பு’ என்ற பெயருக்குள் புதைந்துபோனது.

காட்டையும் குடியையும் சேர்த்துப் பார்க்க வழி இல்லாமல் இல்லை. இந்தியாவில் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், உரிமை கோரிக்கைகளைக் கிராம சபையிலிருந்தே தொடங்கச் சொல்கிறது. நம் மார்க்க வரலாற்றிலும் ‘ஹிமா’ என்ற பாதுகாக்கப்பட்ட மேய்ச்சல் நிலம் உண்டு. கலீபா உமர் (ரழி) அவர்கள் அதன் காவலருக்குச் சொன்ன அறிவுரை, சில ஆடு ஒட்டகங்கள் மட்டுமே உள்ள ஏழைகளை உள்ளே விடு, பெரிய மந்தைக்காரரிடம் கவனமாக இரு என்பதே. காவலும் இருந்தது, ஏழைக்கு வழியும் இருந்தது.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. வடக்கில் காணி உள்ளவர்கள் உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய வரிப் பற்றுச்சீட்டு எது இருந்தாலும் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். இல்லாதவர்கள், ஊரில் எல்லை தெரிந்த பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். அடுத்த முறை ‘காடழிப்பு’ என்றோ ‘காணி பறிப்பு’ என்றோ பதிவு வந்தால், பகிரும் முன் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: எந்தத் திணைக்களம்? எந்த வர்த்தமானி? அதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள்?

ஆசிரியர்களாகிய நாங்கள் இந்த மூன்று கேள்விகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். வீட்டில் நீங்களும் சொல்லிக் கொடுங்கள்.