கொல்லைப்புறத்தில் 99 அடி

இன்னைக்கு ஒரு லோட் டெஸ்ட் கதை. சர்வருக்கு இல்லை, ஒரு கோபுரத்துக்கு.

1959 அக்டோபர் 10, சனிக்கிழமை. லாஸ் ஏஞ்சல்ஸின் தெற்கே வாட்ஸ் என்று ஒரு ஏழைப் பகுதி. அங்கே ஒரு வீட்டு மனையில் நிற்கும் கோபுரத்தில் இரும்பு வடம் கட்டிப் பக்கவாட்டில் இழுக்கப் போகிறார்கள். 10,000 பவுண்டு விசை. நம்ம கணக்கில் சுமார் நாலரை டன். தாங்கினால் கோபுரம் பிழைக்கும். தாங்கவில்லை என்றால் நகராட்சி அந்த மனையில் இருக்கிற எல்லாவற்றையும் இடித்துவிடும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியிருக்கிறது. கட்டினவர் மட்டும் அங்கே இல்லை.

இழுக்கிறதுக்கு முன்னாடி, அதுக்குள்ளே இருக்கிற கம்பியைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன்.

கான்கிரீட்டுக்குள் கம்பி என்றால் நமக்கு மேம்பாலமும் அடுக்குமாடியும்தான் ஞாபகம் வரும். ஆனால் அதற்குக் காப்புரிமை வாங்கிப் பரப்பியவர்களில் முக்கியமான ஆள் ஒரு தோட்டக்காரர், பிரான்ஸ் நாட்டு ஜோசப் மோனியே. அவருக்குத் தலைவலி கொடுத்தது பெரிய பெரிய செடித்தொட்டிகள். மரத்தொட்டி உளுத்துப்போகும். மண்தொட்டி உடையும். வெறும் சிமெண்டில் செய்தால் தூக்க முடியாத கனம், அதுவும் விரிசல் விடும். அதனால் சிமெண்டுக்குள்ளே இரும்புக் கம்பி வலையைப் புதைத்தார். 1867 ஜூலை 16 அன்று தோட்டத் தொட்டிக்கென்றே காப்புரிமை எடுத்தார். அவருக்கு முன்பே, 1848இல், லாம்போ என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் இதே மாதிரி ஒரு படகு செய்து மிதக்கவிட்டிருந்தார். யார் முதல் ஆள் என்கிற சண்டைக்குள் நான் போகலை.

விஷயம் இதுதான். கான்கிரீட்டை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். இரும்பு இழுவையைத் தாங்கும். வெயிலில் ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு விரியும், அதனால் ஒன்றை விட்டு ஒன்று பிரியாது. சிமெண்டின் காரத்தன்மை உள்ளே இருக்கிற இரும்பைத் துருவிடமிருந்து காக்கும். இவ்வளவு பொருத்தமான ஜோடி ஜாதகம் பார்த்தாலும் அமையாது. ஆனால் மோனியேவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கம்பியை அவர் தடிமனின் நடுவில் வைத்தார். இழுவை எந்தப் பக்கம் வருமோ அந்தப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று ஜெர்மன் பொறியாளர்கள் கணக்குப் போட்டுச் சொல்ல இருபது வருஷம் ஆனது. அவருடைய உரிமையை வாங்கியவர்கள் வளர்ந்தார்கள். அவர் திவாலாகி, 1906இல் வறுமையில் இறந்தார். ஜெர்மன்காரர்கள் பேச்சுவழக்கில் கட்டடக் கம்பிக்கு ‘மோனியே இரும்பு’ என்ற பெயர் மட்டும் நின்றது.

அவர் இறந்து 15 வருஷம் கழித்து, 1921இல், வாட்ஸில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு முக்கோண மனையை வாங்குகிறார் சபாட்டோ ரோடியா. பிற்பாடு சைமன் ரோடியா என்று உலகத்துக்குத் தெரிந்தவர். இத்தாலியிலிருந்து சின்ன வயசில் அமெரிக்கா வந்தவர். கட்டட வேலை, டைல் பதிக்கிற வேலை. அப்போ வயசு நாற்பதைத் தாண்டியாச்சு. பகலில் கூலி வேலை, மிச்ச நேரமெல்லாம் இந்த மனை. இப்படி 33 வருஷம்.

அவர் செய்த முறையைக் கொஞ்சம் நின்று பார்க்கணும். கம்பி வளைக்க மெஷின் கிடையாது. தண்டவாளத்துக்கு அடியில் கம்பியைச் செருகி, உடம்பின் கனத்தைக் கொடுத்து வளைத்தார். வெல்டிங் இல்லை, போல்ட்டும் இல்லை. ரெண்டு கம்பிகளின் நுனிகளைக் கொஞ்ச தூரம் ஒன்றோடு ஒன்று சேர்த்துவைத்து, கட்டுக்கம்பியால் சுற்றி, மேலே கோழிவலையைப் போர்த்தி, சிமெண்ட் கலவையை அப்பினார். கலவை ஈரமாக இருக்கும்போதே உடைந்த டைல், பீங்கான், கிளிஞ்சல், செவன் அப் பாட்டிலின் பச்சைத் துண்டு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பதித்தார். தெருப் பிள்ளைகள் பீங்கான் துண்டுகள் பொறுக்கிவந்து கொடுத்தால் சில்லறையோ பிஸ்கட்டோ கிடைக்கும்.

சாரம் கட்டவே இல்லை. ஒரு வளையத்தைக் கட்டி, அது இறுகியதும் அதன் மேல் ஏறி நின்று அடுத்த வளையம். இடுப்பில் ஜன்னல் துடைக்கிறவர்கள் மாட்டிக்கொள்கிற வார், கையில் ஒரு வாளி. அப்படியே ஏறி ஏறி, மிக உயர்ந்த கோபுரம் 99 அடியைத் தாண்டியது. மொத்தம் 17 அமைப்புகள். அஸ்திவாரத்தின் ஆழம் ரெண்டடிகூட இல்லை. இவ்வளவுக்கும் ஒரு வரைபடம் கிடையாது. ஸ்பானிஷில் ஒரு பெயர் மட்டும் எழுதி வைத்தார். அர்த்தம் ‘நம்ம ஊர்’.

ஊர்க்காரர்கள் எல்லாரும் கொண்டாடவில்லை. கல்லெறிந்தவர்கள் உண்டு. உலகப் போர் சமயத்தில், இது எதிரிக்குச் சேதி அனுப்புகிற ஆன்டெனா என்றுகூட வதந்தி. 1954 வாக்கில், எழுபதைத் தாண்டிய வயதில், மனையைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு, வடக்கே மார்ட்டினெஸ் என்ற ஊருக்குப் போய்விட்டார். கொஞ்ச நாளில் அங்கிருந்த வீடு எரிந்துபோனது. 1957இல் கோபுரங்களை இடிக்கச் சொல்லி நகராட்சி உத்தரவு.

என் வேலையில் இந்த மாதிரி தினமும் பார்ப்பேன். டாக்குமென்ட் கிடையாது, எழுதினவர் வேலையை விட்டுப் போயிட்டார், ஆனா ப்ரொடக்‌ஷன்ல ஓடிக்கிட்டு இருக்கு. யாரும் தொட பயப்படுவாங்க. கடைசியில ஒருத்தர், தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுதலாம்னு சொல்வார்.

அதற்காக நகராட்சியை வில்லனாக்க எனக்கு மனசு வரலை. பிள்ளைகள் விளையாடுகிற தெருவில், அனுமதியும் வரைபடமும் இல்லாத ஒன்பது மாடி உயரப் பொருள் நின்றால் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆபத்து என்று சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. சோதித்துப் பார்க்காமலே சொன்னதில்தான் சண்டை.

1959இல் வில்லியம் கார்ட்ரைட், நிக்கோலஸ் கிங் என்று ரெண்டு இளைஞர்கள், ரெண்டு பேரும் சினிமா பக்கத்து ஆட்கள், 3,000 டாலருக்கு அந்த மனையை வாங்கி, கோபுரங்களைக் காக்க ஒரு குழு ஆரம்பித்தார்கள். பட் கோல்ட்ஸ்டோன் என்ற விமானப் பொறியாளர் வந்து சேர்ந்தார். கோபுரத்தை அளந்து, காற்று எவ்வளவு தள்ளும் என்று கணக்குப் போட்டு, அதற்கு ஈடான விசையால் இழுத்துக் காட்டுகிறேன் என்றார். ரிஸ்க்கான பந்தயம். தோற்றால் அவர் கையாலேயே கோபுரம் விழும்.

வடம் இறுகியது. விசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். கோபுரம் விழவில்லை. இழுக்கிற பக்கத்து இரும்புதான் முதலில் வளைந்துகொடுத்தது. அதோடு சோதனையை நிறுத்தினார்கள். இடிப்பு உத்தரவும் அதோடு போனது.

எப்படித் தாங்கியது? கோபுரம் கெட்டிச் சுவர் இல்லை, கூடை மாதிரி. பெரும்பகுதிக் காற்று ஊடே போய்விடும். நேர்க்கம்பிகளை வளையங்கள் அடுக்கடுக்காகப் பிடித்திருப்பதால் ஒரு இடத்தில் விழும் இழுப்பு எல்லாக் கம்பிகளுக்கும் பிரிந்துபோகும். நான் பொறியியல் முடிச்சவன்தான், ஆனா கம்ப்யூட்டர் சயின்ஸ். என்னை விடுங்க, சிவில் படிச்சவங்களே இதை வரைபடமா கொடுத்தா கையெழுத்துப் போட யோசிப்பாங்க. ரோடியாவுக்கு யோசிக்க வேற வழி இருந்துச்சு. தான் கட்டின வளையம் தாங்குமான்னு தினமும் தன் மேலேயே பரிசோதிச்சார். தாங்கலைன்னா விழப்போறது அவர்தானே.

1961இல் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அவரை மேடையேற்றிக் கௌரவித்தார்கள். கோபுரங்களைப் பார்க்க மட்டும் அவர் திரும்பி வரவில்லை. 1965 ஜூலையில் இறந்தார். அடுத்த மாதமே வாட்ஸ் கலவரம், 34 பேர் செத்தார்கள், கடைகள் எரிந்தன. கோபுரங்களை யாரும் தொடவில்லை. 1990இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமானது.

ஆனால் கம்பிக்கு வெயிலும் ஈரமும்தான் உண்மையான எதிரி. சமீப வருஷங்களில் கோபுரத்தில் சென்சார் மாட்டிப் பார்த்தபோது, அது தினமும் நகர்வது தெரிந்தது. வெயில் படுகிற பக்கம் விரியும், கோபுரம் எதிர்ப்பக்கம் லேசாகச் சாயும், சூரியன் நகர நகர அதுவும் நகரும். அந்த அசைவில் மெல்லிய விரிசல்கள் திறக்கும், ஈரம் இறங்கும், கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த இரும்பு பருக்கும், பருத்தால் பூச்சைப் பிளக்கும். நம்ம ஊர்ப் பழைய பால்கனி அடியில் பூச்சு உதிர்ந்து கம்பி தெரியுதே, அதே கதைதான். மோனியே பாணியில் மாடித் தோட்டத்துக்குத் தொட்டி செய்யப் போறவங்க, கம்பி எந்தப் பக்கமும் வெளியே எட்டிப் பார்க்காம ஒரு அங்குலமாவது உள்ளே இருக்கிற மாதிரி பார்த்துக்கோங்க.

வாட்ஸில் அந்த விரிசல்களைப் பல வருஷம் சிமெண்டால் அடைத்தார்கள். மறுபடி மறுபடி பிளந்தது. இப்போது பழுதுபார்க்கிறவர்கள், கோபுரம் அசையும்போது கூடவே அசைந்துகொடுக்கிற பொருளால் அடைக்கிறார்கள்.