மணல் பலகை முதல் தொடுதிரைப் பலகை வரை

திருவண்ணாமலை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கார்த்திகை தீபம், பௌர்ணமி கிரிவலம், ரமணாசிரமம். அந்த ஊருக்கும் பள்ளிக்கூடத்தில் டேப்லெட் வைத்துப் பாடம் நடத்துவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் ஒரு சிலேட்டில் ஆரம்பிக்கிறது.

1902-ஆம் ஆண்டு. தென்னாற்காடு வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் மலை மேலே இருந்த இளம் ரமணரைப் பார்க்கப் போனார். ரமணர் அப்போது பேசுவதில்லை. பிள்ளை வாயால் கேள்வி கேட்பார், அவர் மணலில் விரலால் பதில் எழுதுவார். மணல் சரிப்படாதபோது சிலேட்டு. எழுதியது அழிந்துகொண்டே போகும், அடுத்த பதில் அதே இடத்தில் வரும். அந்தக் கேள்வி பதில்கள்தான் பின்னாளில் 'நான் யார்?' என்ற சிறு நூலாக வந்தது. ஆன்மிகம் இருக்கட்டும். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் எழுதக் கற்ற கருவிகள் இவைதான்: மணல், சிலேட்டு. எழுதலாம், அழிக்கலாம், மறுபடி எழுதலாம், காசும் செலவாகாது. இன்று டேப்லெட் விற்பவர்கள் விளம்பரத்தில் சொல்வதும் கிட்டத்தட்ட இதையேதான்!

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்த்தால் முதலில் தரையில் மணலைப் பரப்பி, விரலைப் பிடித்து 'அ' எழுதவைப்பார்கள். வாயால் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். கை பழகிய பிறகுதான் பனையோலையும் எழுத்தாணியும். ஓலையில் தப்பாகக் கீறிவிட்டால் அழிக்க முடியாது. ஆகவே தப்புப் பண்ணுவதற்கென்றே ஒரு இடம் வேண்டும், அதுதான் மணல். வாத்தியார் ஒருவர், பிள்ளைகள் பல வயதில். எல்லாரையும் அவரே கவனிக்க முடியாது. மூத்த பையன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான், சொல்லாதவனை அடிக்கவும் செய்வான்.

இந்த மணலுக்கு ஒரு வெளிநாட்டுக் கதை உண்டு. நம் ஊர்ப் பாடப்புத்தகங்களில் அது அதிகம் வருவதில்லை.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789-இல் எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அனாதைகள் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பாளர் ஆனார். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த பையன்கள். வாத்தியார்களுக்குச் சம்பளம் குறைவு, அக்கறை அதைவிடக் குறைவு. ஒரு நாள் பெல் வழியில் ஒரு உள்ளூர்ப் பள்ளியைப் பார்த்தார். அதை மலபார் பள்ளி என்று எழுதிவைத்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். இதை நம் பள்ளியிலும் செய்யலாமே என்று தோன்றியது. கீழ் வகுப்பு வாத்தியாரிடம் சொன்னார். வாத்தியாரோ இதெல்லாம் நடக்காது என்றார்.

புதிய கருவி வந்ததும் நடக்காது என்று சொல்கிற ஆசிரியரும், கருவி இருந்தால் போதும், ஆசிரியர் எதற்கு என்று நினைக்கிற அதிகாரியும் 1790-களிலேயே இருந்திருக்கிறார்கள் பாருங்கள்!

பெல் மல்லுக்கு நிற்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற பையனைக் கூப்பிட்டார். வயது எட்டு. சிப்பாய் ஒருவரின் மகன். அந்த வகுப்பை அவன் கையில் கொடுத்தார். அவன் மணலைப் பரப்பி எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்தான், பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் பள்ளியில் பெரும்பகுதிப் பாடம் பையன்கள் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பதாக மாறியது. 1796-இல் ஊர் திரும்பிய பெல், 1797-இல் லண்டனில் இதைப் பற்றி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். இது 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்றது. 1798-இல் லண்டனில் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர் ஏறக்குறைய இதே முறையைப் பின்பற்றினார். முதலில் கண்டுபிடித்தது யார் என்று இருவரின் ஆதரவாளர்களும் வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த சட்டாம்பிள்ளையை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

பெல்லின் பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1830-களில் தொடங்கிய பள்ளி இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரில் நடக்கிறது. சென்னையே மெட்ராஸ் என்ற பெயரை 1996-இல் விட்டுவிட்டது, ஸ்காட்லாந்துக்காரர்கள் விடவில்லை.

அந்த முறை இங்கிலாந்தில் ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது? நல்ல கல்வி என்பதால் மட்டும் அல்ல, மலிவு என்பதால். ஒரு ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தலாம், காகிதம் தேவையில்லை. ஆலைகள் பெருகிய நாட்டுக்கு இது பொருந்தியது. ஆனால் எல்லாம் மனப்பாடமாக, ராணுவ அணிவகுப்பு போல ஆகிவிட்டது என்ற குறை எழுந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே அது தேய்ந்து போனது. மணல் அதேதான், பிள்ளைகளும் பிள்ளைகள்தான். திண்ணையில் ஒரு கை விரலைப் பிடித்து எழுதவைத்தது. அங்கே ஒரு கட்டளை எழுதவைத்தது.

திண்ணைப் பள்ளியை ரொம்பவும் புகழ வேண்டியதும் இல்லை. சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் கணக்கெடுக்கச் சொல்லி, 1826-இல் வெளிவந்த எண்ணிக்கை இது: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண் குழந்தைகள் 4,540 பேர் மட்டும்! வீட்டில் படித்தவர்கள் தனி. இருந்தாலும் அந்த மணலில் எல்லார் விரலும் பட்டுவிடவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அதற்குப் பிறகு அரசுப் பள்ளி, அச்சுப் புத்தகம், கரும்பலகை, சிலேட்டு என்று வந்ததை வேகமாகக் கடந்துவிடலாம். கல் சிலேட்டுக்கு ஆந்திராவின் மார்க்காபூர் பேர்போனது. வாங்க முடியாத வீடுகளில் மரப்பலகை. கோவை இலைச் சாற்றில் கரியைக் குழைத்துப் பூசினால் அதுவே எழுதுபலகை. பல்பத்தைத் தின்ற பிள்ளைகளும் எச்சில் தொட்டு அழித்த பிள்ளைகளும் இல்லாத ஊர் உண்டா? பிறகு ரேடியோ, தொலைக்காட்சி, 2004-இல் விண்ணுக்குப் போன எஜூசாட் செயற்கைக்கோள் எல்லாம் வந்தன. இவற்றில் ஒன்றிலும் குழந்தை எழுத முடியாது, பார்க்கலாம், கேட்கலாம், அவ்வளவே.

எழுதக்கூடிய மின்பலகை என்று இந்தியாவே பேசியது 2011 அக்டோபர் 5 அன்று. டெல்லியில் மத்திய அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' டேப்லெட்டை வெளியிட்டார். ஏழு அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி நினைவகம். விலை சுமார் 50 டாலர். தயாரித்துத் தந்தது டேட்டாவிண்ட் நிறுவனம், பரிசோதிக்கும் பொறுப்பு ராஜஸ்தான் ஐஐடிக்கு. உலகத்திலேயே மலிவான டேப்லெட் என்று பத்திரிகைகள் கொண்டாடின. கையில் வாங்கிப் பார்த்தவர்கள் கொண்டாடவில்லை. திரையை அழுத்தி அழுத்தித் தொட வேண்டியிருந்தது, பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்தது, வேகம் போதவில்லை. பொறுப்பு பம்பாய் ஐஐடிக்கு மாறியது. 2012 நவம்பர் 11 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி 'ஆகாஷ் 2'-ஐ வெளியிட்டார். இது எவ்வளவோ மேல். அங்கே பொறியியல் கல்லூரி ஆசிரியர்களிடம் கருவியைக் கொடுத்துப் பழக்கினார்கள். பைத்தான், சைலேப் போன்றவை அதில் ஓடும்படி செய்தார்கள். வகுப்பில் கேள்வி கேட்டால் மாணவர்கள் திரையைத் தொட்டுப் பதில் சொல்லும் செயலியும் வந்தது. ஆனால் முதல் ஏமாற்றத்தால் போன பெயர் போனதுதான். சில ஆண்டுகளில் திட்டம் ஓசையில்லாமல் முடிந்தது. விலையை முதலில் தீர்மானித்துவிட்டு, வகுப்பில் என்ன செய்வது என்பதைப் பிறகு யோசித்தால் இப்படித்தான் ஆகும். பெல் வழி வந்தவர்கள் இங்கிலாந்தில் செய்ததும் இதுவே.

இதற்கு நேர்மாறான ஒரு பரிசோதனை தமிழ்நாட்டிலேயே நடந்துகொண்டிருந்தது. அதில் மின்சாரமே கிடையாது! 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திராவின் ரிஷி பள்ளத்தாக்கில் உருவான முறையைப் பார்த்து, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' என்று தொடங்கினார். 2007-08-இல் அது மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பாடம் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு அட்டையிலும் முயல், யானை மாதிரி ஒரு சின்னம். சுவரில் ஏணிப்படி அட்டவணை. குழந்தை தான் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து, அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தார். சுவரின் அடிப்பகுதி முழுக்கக் கரும்பலகை, பிள்ளைக்கு எட்டும் உயரத்தில், ஆளுக்கு ஒரு பங்கு. தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித் தரும். சட்டாம்பிள்ளை பிரம்பு இல்லாமல் திரும்பி வந்த மாதிரி!

கணினிக்காரர்கள் இன்று 'அவரவர் வேகத்தில் கற்பது' என்று செயலிகளுக்கு விளம்பரம் செய்வதை இந்த அட்டைகள் முன்பே செய்தன. குறைகள் இல்லாமல் இல்லை. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. பிள்ளைகள் படியை மட்டும் தாண்டிப் பாடத்தைத் தாண்டாமல் இருந்ததும் உண்டு, நோட்டில் எழுத வரவில்லை என்று பெற்றோர் சண்டைக்கு வந்ததும் உண்டு.

செயலிகள் உண்மையிலேயே வகுப்புக்குள் வந்தது 2018-க்குப் பிறகு. அந்த ஆண்டு வந்த புதிய பாடப்புத்தகங்களில் கியூஆர் குறியீடு அச்சடித்திருந்தார்கள். தீக்ஷா செயலியால் ஸ்கேன் செய்தால் வீடியோ ஓடும். 2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளை மூடியபோது இவை இரண்டும்தான் கையில் இருந்தன. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஜமுனாமரத்தூர் பக்கம், ஜவ்வாது மலைக் கிராமங்களை நினைத்துப் பாருங்கள். செல்போன் சிக்னலுக்கு மேட்டில் ஏறி நிற்க வேண்டிய இடங்கள். வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அந்தப் பிள்ளைகளுக்குக் கியூஆர் குறியீடு வெறும் கறுப்புக் கட்டம்தான். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் மணலும் சிலேட்டும்கூடத் தொடாமல் இரண்டாம் வகுப்புக்கு வந்தார்கள்.

இந்தக் கற்றல் இழப்பைச் சரிக்கட்ட 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. தெருவில் இருக்கும் தன்னார்வலர் மாலையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லித் தருவார். திண்ணைப் பள்ளி என்றே சொல்லலாம். இந்தத் திட்டத்தில் 2022 ஜூன் 1 முதல் 12 வரை ஒரு பரிசோதனை நடந்தது. கூகுளின் ரீட் அலாங் செயலியில் குழந்தைகள் கதைகளைச் சத்தமாகப் படித்தார்கள். செயலி காதுகொடுத்துக் கேட்கும், தப்பாகப் படித்தால் திருத்தும், ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். தன்னார்வலரின் போனையே பிள்ளைகள் மாற்றி மாற்றி வாங்கிப் படித்த இடங்களும் உண்டு. பன்னிரண்டு நாளில் சுமார் 18 லட்சம் குழந்தைகள் 263 கோடி சொற்கள் படித்ததாகக் கணக்கு வந்தது. திருச்சி மாவட்டத்தின் லால்குடி ஒன்றியம் முதலிடம்.

பெரிய எண்ணிக்கைதான், சந்தேகமில்லை. கூச்சப்படுகிற பிள்ளைக்கு மனிதரைவிட இயந்திரத்திடம் தப்பாகப் படிப்பது சுலபம். தப்புப் பண்ண ஒரு இடம், மணல் மாதிரி. ஆனால் 263 கோடி என்ற எண் எல்லாரையும் சேர்த்துக் கூட்டியது. வேகமாகப் படிக்கிற ஒரு பிள்ளை பத்துப் பிள்ளைகளின் மௌனத்தை அதில் மறைத்துவிடலாம். எந்தப் பிள்ளை எந்தச் சொல்லில் நின்றது என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன்னார்வலருக்குத்தான் தெரியும்.

அதே மாதம் 13-ஆம் தேதி 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. முதலில் மூன்றாம் வகுப்பு வரை, பிறகு ஐந்து வரை. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அதற்கேற்ற பயிற்சி நூல் கொடுத்தார்கள். மதிப்பீடு செயலியில். ஆசிரியர் தன் சொந்த போனில் ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்துப் பதிவு செய்ய வேண்டும். சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தால் வகுப்பும் காத்திருக்க வேண்டும். பாடம் நடத்தும் நேரத்தை இது தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து குரல் கொடுத்தன. அதில் நியாயம் இருக்கிறது. பதிவு செய்வதற்காக மதிப்பீடு, மதிப்பீட்டுக்காகப் பாடம் என்று தலைகீழாகிவிடும் அபாயம் பெல் காலத்திலிருந்தே உள்ளதுதான். சொந்த போன் என்ற பிரச்சினைக்கு மட்டும் 2024-இல் ஒரு முடிவு வந்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சுமார் 80 ஆயிரம் பேருக்கு அரசு கைக்கணினி கொடுத்தது. கவனியுங்கள், ஆகாஷ் மாணவனுக்கு. இது ஆசிரியருக்கு. வகுப்புக்கு ஒரே பலகை, அதைச் சுற்றி இருபது தலைகள்.

விஜயதசமி அன்று அரசுப் பள்ளிகளையும் திறந்துவைத்துப் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். தாம்பாளத்தில் அரிசியோ நெல்லோ பரப்பி, டீச்சர் பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்து 'அ' எழுதவைப்பார். பிள்ளை அழும், எழுத்து கோணும், அரிசியைச் சமன் செய்துவிட்டு மறுபடி எழுதவைப்பார். அது முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையின் பெயரை எமிஸ் தளத்தில் ஏற்றுவதற்கு உட்காருவார்.