செக்ரோல் முதல் கிளவுட் வரை: நம் கணக்கு யார் கையில்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிறு தொழில்களும் கணினிக் கணக்கும் என்று தலைப்பைச் சொன்னாலே பாதிப் பேர் அலைவரிசையை மாற்றிவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். அதனால் கணினியை ஓரமாக வைத்துவிட்டு, நம் எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்திலிருந்து தொடங்குகிறேன். தோட்டத்து ஆபீஸ்.

கெடா மாநிலம் 1909ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழி சயாமின் கையிலிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் வந்தது. அதன் பிறகு சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் ரப்பர் பரவியது. பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தின் பெயரைக் கேட்டிராதவர் குறைவு. ஒன்று, இரண்டு, மூன்று என்று அந்தத் தோட்டத்தின் பெயரிலேயே தமிழ்ப்பள்ளிகள் உண்டு. தோட்டம் என்றவுடன் நமக்குப் பால்மரமும் லயன் வீடும்தான் நினைவுக்கு வரும். ஆனால் தோட்டத்தை நடத்தியது கத்தியும் வாளியும் மட்டுமல்ல, புத்தகங்களும்தான்.

விடிவதற்கு முன்பு பெரட்டு. பெயர் கூப்பிடுவார்கள். வந்தவருக்கு ஓர் அடையாளம், வராதவருக்கு இன்னோர் அடையாளம். அது செக்ரோலில் ஏறும். மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து, காண்டாவில் தூக்கிக்கொண்டு போய் ஸ்டோரில் நிறுப்பார்கள். பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். ஆகவே மெட்ரோலாக் கருவியை விட்டு எவ்வளவு ரப்பர் தேறும் என்று பார்த்து இன்னொரு புத்தகத்தில் எழுதுவார்கள். ஒட்டுப்பாலுக்குத் தனிக் கணக்கு. முன்பணம் வாங்கியிருந்தால் அதற்கு வேறு புத்தகம். மாதம் முடிந்ததும் இத்தனை புத்தகங்களிலும் சிதறிக் கிடக்கும் ஒரே மனிதனைத் தேடிப் பிடித்து, கூட்டிக் கழித்து, சம்பளமாக ஒரு வரியில் நிறுத்த வேண்டும்.

அந்த வேலையைச் செய்தவர் யார்? கிராணியார்.

இன்று கணினித் துறையில் 'இன்டகிரேஷன்', அதாவது ஒருங்கிணைப்பு என்று பெரிதாகப் பேசுகிறார்களே, அதைத் தோட்டத்தில் ஒரு மை பேனாவை வைத்துக்கொண்டு செய்தவர் கிராணியார்தான். வயல்வெளிக் கணக்கையும் ஸ்டோர் கணக்கையும் கடன் கணக்கையும் சேர்த்துத் தைத்த ஊசி அவர். அதனால்தான் அவருக்கு அவ்வளவு மரியாதை, அவரிடம் அவ்வளவு பயம். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி தன் பெயருக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்ய முடியாது. அவருடைய உழைப்பு அவருடையது. உழைப்பின் கணக்கோ வேறொருவருடையது. நல்ல கிராணிகள் நிறைய இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் நல்லவராக இருப்பதும் இல்லாததும் அவருடைய விருப்பமாக இருந்ததுதான் கோளாறு.

கங்காணி முறையிலும் இதே கதை. ஆள் பிடித்து வந்த கங்காணிக்கு, தம் ஆட்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு உண்டு. ஆக, பெரட்டில் ஏறிய ஒவ்வொரு பெயரும் இருவருக்குக் காசு. பெயருக்கு உரியவருக்கு மட்டும் அந்தப் புத்தகம் திறக்காது. 1938இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்றுக் குடியேறுவதற்குத் தடை விதித்தபோது அப்படி ஆள் எடுப்பது நின்றது. புத்தகம் நிற்கவில்லை.

புத்தகங்கள் பெருகிய காலம்

சுவையான விஷயம் என்னவென்றால், தொழிலாளியின் உரிமை கூடக் கூட எழுத வேண்டிய புத்தகமும் கூடியது. 1951இல் ஊழியர் சேம நிதிச் சட்டம் வந்தது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது, பி.பி.நாராயணன் அதன் பொதுச் செயலாளர். 1955இல் வேலைச் சட்டம், 1969இல் சொக்சோ சட்டம். ஒவ்வொன்றும் நமக்கு நன்மைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம், ஒரு எண், ஒரு கடைசித் தேதி.

இடையில் 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஏற்படுத்தினார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்துகொண்டிருந்த நேரம் அது. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு சேர்த்தார்கள். 1961இல் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் எங்கே இருந்தது தெரியுமா? நம் கெடாவில்தான், கூலிம் வட்டாரத்துப் புக்கிட் சிடிம் தோட்டம். இதை உணர்ச்சிபூர்வமான வெற்றியாகத்தான் பெரும்பாலும் பேசுகிறோம். எனக்கு அது ஒரு கணக்கியல் வெற்றியாகவும் தெரிகிறது. நாடெங்கும் லயன் வீடுகளிலிருந்து மாதந்தோறும் வந்த பத்துப் பத்து வெள்ளியை யார் பெயரில், எந்தப் பங்கில் என்று பிசகாமல் எழுதி வைத்தால் மட்டுமே அப்படியொரு சங்கம் நிற்க முடியும். தோட்டத் தொழிலாளி தன் பெயரில் ஒரு கணக்கு வைத்திருந்தார். அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமையும் அவருக்கு இருந்தது. பெரட்டுக் களத்திலிருந்து அது எவ்வளவு தூரம் என்று எண்ணிப் பாருங்கள்.

கணினி வந்தது, சிக்கலும் வந்தது

1979இல் விசிகால்க் என்ற மென்பொருள் அமெரிக்காவில் வெளிவந்தது. கட்டம் போட்ட தாளைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தது அதுதான். நிரல் எழுதத் தெரியாத கணக்கரும் தமக்கு வேண்டிய கணக்கைத் தாமே அமைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அங்கே பிறந்தது. 1982இல் ஜேம்ஸ் மார்ட்டின் என்பவர் நிரலர்கள் இல்லாமலேயே பயன்பாடுகளை உருவாக்குவது பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். ஆகவே இன்று 'லோ-கோட்' என்று புதிதாகப் பேசப்படுவது அவ்வளவு புதிதல்ல. ஃபாரெஸ்டர் என்னும் ஆய்வு நிறுவனம் 2014இல் அந்தப் பெயரைச் சூட்டியது, அவ்வளவுதான். குழந்தை முன்பே பிறந்துவிட்டது.

நம் ஊர்க் கடைகளில் என்ன நடந்தது? கல்லாவுக்கு ஒரு மென்பொருள், சரக்கிருப்புக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று. ஒன்று மற்றொன்றோடு பேசாது. 2015 ஏப்ரல் முதல் தேதி ஆறு விழுக்காட்டுப் பொருள் சேவை வரி வந்தது. ஆண்டு விற்பனை ஐந்து லட்சம் ரிங்கிட்டைத் தாண்டியவர்கள் பதிந்தாக வேண்டும் என்றதும் அவசர அவசரமாக மென்பொருள் வாங்கினார்கள். 2018 ஜூன் முதல் தேதி அந்த வரி பூஜ்யமாயிற்று. செப்டம்பரில் விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. முப்பத்தெட்டே மாதங்கள்! சட்டம் மாறும்போது மென்பொருளையும் தூக்கிப் போட வேண்டியிருந்தால், அது சிறு வியாபாரிக்கு எவ்வளவு பெரிய அடி.

தென்காசி தரும் பாடம்

இங்கேதான் ஒரு தமிழ்க் கதை குறுக்கிடுகிறது. 1996. நம் நாட்டில் மல்டிமீடியா சூப்பர் காரிடார் திட்டம் அறிவிக்கப்பட்ட அதே ஆண்டு, ஸ்ரீதர் வேம்புவும் அவர் கூட்டாளிகளும் அட்வென்ட்நெட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வேலையின் பெரும்பகுதி சென்னையில் நடந்தது. 2005இல் சோஹோ என்ற பெயரில் இணையவழிச் சேவைகள் வந்தன. 2009இல் நிறுவனமே சோஹோ கார்ப்பரேஷன் ஆயிற்று. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை என்ற கிராமத்தில் அலுவலகம் அமைத்தார்கள். பட்டம் இல்லாத பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்துக்கொள்ளும் பள்ளியும் நடத்துகிறார்கள். வேம்புவுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை விட்டு, தலைமை விஞ்ஞானி என்ற பொறுப்புக்கு மாறினார்.

அந்த நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஒன்றுதான் சோஹோ கிரியேட்டர். படிவத்தை எலிப்பொறியால் இழுத்துப் போட்டு அமைக்கலாம். 'இந்தப் படிவம் நிரம்பினால் அந்த வேலையைச் செய்' என்று சில வரிகளில் சொல்லலாம். அந்த வரிகளை எழுத டெலூஜ் என்று அவர்களே ஒரு சிறிய மொழியை உண்டாக்கினார்கள். அமெரிக்காவின் ஜேப்பியர், மைக்ரோசாஃப்ட்டின் பவர் ஆட்டோமேட் எல்லாம் இதே ரகத்தைச் சேர்ந்தவை. வெவ்வேறு கிளவுட் மென்பொருள்களுக்கு நடுவில் நின்று, ஒன்று சொன்னதை மற்றொன்றின் காதில் போடும் தரகர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பீடோங்கில் ஒரு கேட்டரிங் தொழில் இருப்பதாக நினைத்துக்கொள்வோம். கல்யாணத்துக்கு ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு என்று ஆர்டர் வருகிறது. இப்போது என்ன செய்கிறார்கள்? வாட்ஸ்அப்பில் வந்ததைத் தாளில் எழுதி, தாளிலிருந்து எக்ஸெலில் ஏற்றி, அதிலிருந்து பில் அடித்து, பிறகு கணக்கருக்கு அனுப்புகிறார்கள். நான்கு முறை எழுதினால் நான்கு இடத்தில் பிழை வரும். லோ-கோட் தளத்தில் ஒரே படிவத்தில் ஒரே முறை எழுதினால், அது முன்பணத்தைக் கணக்கு மென்பொருளில் சேர்க்கும், சரக்கிருப்பைப் பார்க்கும், நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு நினைவூட்டும். பழைய கிராணியார் வேலை. ஆனால் இம்முறை புத்தகம் திறந்திருக்கிறது, விதிகளைக் கடைக்காரரே எழுதுகிறார்.

இ-இன்வாய்ஸ் வந்த பிறகு இது வெறும் வசதி என்ற நிலையைத் தாண்டிவிட்டது. 2024 ஆகஸ்டு முதல் தேதி, ஆண்டுக்குப் பத்துக் கோடி ரிங்கிட்டுக்கு மேல் விற்பவர்களுக்கு அது கட்டாயமாயிற்று. பிறகு படிப்படியாகச் சிறியவர்களை நோக்கி இறங்கியது. விலக்கு வரம்பு முதலில் 150,000 ரிங்கிட், பிறகு 500,000, அதன் பிறகு பத்து லட்சம் என்று உயர்ந்தது. ஒரு பில்லில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தகவல்கள். உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் அமைப்பு அதைச் சரிபார்த்து ஏற்க வேண்டும். தப்பு இருந்தால் ரத்து செய்ய 72 மணி நேரம்தான். கையால் தட்டச்சு செய்யத் தளம் உண்டு; மென்பொருளை நேரே இணைக்க ஏபிஐ என்ற வாசலும் உண்டு. அந்த வாசலுக்குப் போக நமக்கும் ஒரு வழி வேண்டுமே.

பெயரில் இருக்கிறது வம்பு

இப்படி இணைக்கப் போகிறவர்களுக்கு முதலில் கால் இடறும் இடம் எது? தொழில்நுட்பம் என்று நினைப்பீர்கள். நான் சொல்வேன், பெயர்.

முனியாண்டி என்ற பெயரை ரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம்? கடைசியில் ஐ போடலாம், ஒய் போடலாம், நடுவில் ஒரு ஒய் சேர்க்கலாம். கிராணியார் ஒரு விதமாகவும் பதிவிலாகா குமாஸ்தா வேறு விதமாகவும் எழுதிய பெயர்களோடு தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் நாம். அடையாள அட்டையில் தகப்பன் பெயருக்கு முன் 'அனாக் லெலாக்கி' குறியும் இருக்கும்; வங்கிக் கணக்கில் அது இருக்காது. மனிதக் கண்ணுக்கு ஒரே ஆள். கணினிக்கு மூன்று ஆள். பெயரை வைத்து இரண்டு மென்பொருள்களை இணைத்தால் ஒரே வாடிக்கையாளருக்கு மூன்று கணக்கு திறக்கும், ஒருவர் கட்டிய பணம் இன்னொருவர் பெயரில் நிற்கும்.

ஆகவே பெயரை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள். 1990இலிருந்து நம்மிடம் பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை எண் இருக்கிறது. வரி அடையாள எண் இருக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் வாடிக்கையாளருக்கு நீங்களே ஓர் எண் கொடுங்கள். ஆனால் அடையாள எண்ணைச் சேர்த்து வைப்பவர் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 என்று ஒன்று இருப்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் கடைகளில் பாஸ்வேர்டை மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைக்கும் பழக்கம் இருக்கிறதே, அதை விட வேண்டும். வேலையை விட்டுப் போன பையனின் கைப்பேசியில் கடைக் கணக்கு இன்னும் திறந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். கிராணியார் கையிலிருந்த புத்தகம் நம் கைக்கு வந்துவிட்டது என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். அது கம்பெனியின் கிடங்கில் இருக்கிறது; நாம் மாத வாடகை கொடுத்துப் பார்க்கிறோம். ஒரு தளத்தில் டெலூஜில் எழுதிய விதிகளை இன்னொரு நிறுவனத்தின் தளத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது, மறுபடியும் முதலிலிருந்து எழுத வேண்டும். தமிழர் கம்பெனி என்பதற்காக இந்த விதி மாறாது. சந்தா கூடினாலும் சேவை மாறினாலும் நாம் கட்டுப்பட்டவர்கள். தரவை மட்டும் வெளியே எடுத்துக்கொள்ளலாம். எனவே சேரும் முன்பே விற்பனையாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் விலகினால் என் கணக்கு முழுவதும் எந்த வடிவத்தில், எத்தனை நாளில் என் கைக்கு வரும்?" பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். சேர்ந்த பிறகும் மாதம் ஒரு முறை ஒரு நகல் இறக்கி, கடைக்கு வெளியே ஒரு பெட்டியில் வையுங்கள்.

பிள்ளைகளுக்கு இதில் வேலை இருக்கிறதா என்று தாய்மார்கள் கேட்பார்கள். இருக்கிறது. கணக்கியல் படித்த பெண் ஒருத்தி, நிரல் எழுதும் பட்டம் இல்லாமலேயே, நான்கைந்து கடைகளுக்கு இந்த இணைப்புகளை அமைத்துக் கொடுக்கலாம். கடை எப்படி நடக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் இது நன்றாக வரும். கடனுக்குக் கொடுப்பது, தீபாவளிக்கு முன்பு சரக்கு ஏற்றுவது, சம்பள நாளில் வசூலிப்பது எல்லாம் கோலாலம்பூரில் உட்கார்ந்திருக்கும் நிரலருக்குத் தெரியாது. செமிலிங் சாலையில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. பீடோங், சுங்கைப் பட்டாணிக் கடைகள் அதற்குக் கூப்பிடு தூரம். அங்குள்ள மாணவர்களும் இந்தக் கடைகளும் ஒரு மேசையில் உட்கார யாராவது ஏற்பாடு செய்தால் நல்லது.

எல்லோருக்கும் இது தேவையா? தேவையில்லை. நாளுக்கு நாலைந்து பில் போடும் தையல் கடைக்காரர் மாதச் சந்தா கட்டி எதையும் இணைக்க வேண்டாம். அவருக்கு மைஇன்வாய்ஸ் தளமே போதும், அதற்குக் கட்டணமும் இல்லை. ஒரே தகவலை நாளுக்கு இருபது முப்பது முறை மறுபடி மறுபடி எழுதுகிறவர்கள் மட்டும் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு தாளை வைத்துக்கொண்டு எதை எங்கிருந்து எங்கே நகல் எடுக்கிறீர்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். ஏழு நாள் கழித்து அந்தத் தாளில் எது அதிக முறை வந்திருக்கிறதோ, அந்த ஒன்றை மட்டும் முதலில் இணையுங்கள். மற்றவை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.